வேர்ட்காம்ப் போகுமுன் உங்கள் கணக்கு எந்த மெயிலில் இருக்கிறது என்று பாருங்கள்

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டு மேல்மாடியில் மூன்று தம்பிமாரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். மூவரும் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் இணையத்தளங்கள் செய்து பிழைப்பவர்கள். வேர்ட்பிரஸ்காரர் கூடும் ஆசிய மாநாடான வேர்ட்காம்ப் ஏஷியாவுக்கு முதல்தடவையாகப் போக யோசிக்கிறார்கள். விசா, தங்குமிடம், எவ்வளவு காசு மாற்றுவது என்று என்னைக் கேட்டார்கள். நான் அவர்களிடம் கேட்டது ஒன்றைத்தான்.

"வேர்ட்பிரஸ் டொட் ஓர்க் கணக்கை எந்த மெயிலில திறந்தனீங்கள்?"

"ஒபிஸ் மெயிலிலதான் அண்ணை."

மூன்று வாயிலும் அதே பதில். அன்று இரவு நித்திரை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சார்ஜரை மறக்காதே, நல்ல சப்பாத்துப் போடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுவோம். முதல்தடவை போகிறவர்கள் விடும் பிழைகளைத்தான் சொல்லப்போகிறேன்.

அலுவலக மெயிலில் திறந்த கணக்கு

முதலாவது வேர்ட்காம்ப் ஏஷியா 2020 பெப்ரவரியில் பாங்கொக்கில் நடக்கவிருந்தது. கொரோனாவால் நின்றுபோய், 2023 பெப்ரவரி 17 முதல் 19 வரை அதே நகரில் நடந்தது. மூன்று வருடம் காத்திருந்து போனேன். அப்போது ஒரு டொலர் 360 ரூபாயைத் தாண்டி நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கவுக்குப் போய் விமானம் ஏறினேன். ரிக்கெட்டுக்கு மட்டும் கொடுத்த காசில் இங்கே ஒரு நல்ல மடிக்கணினி வாங்கியிருக்கலாம்.

17ஆம் திகதி பங்களிப்பாளர் நாள். மேடைப் பேச்சுகள் கிடையாது. மையக் குறியீடு, வடிவமைப்பு, ஆவணம், மொழிபெயர்ப்பு என்று அணி அணியாக மேசைகள், எல்லோரும் இருந்து வேலை செய்வார்கள். நான் மொழிபெயர்ப்பு மேசைக்குப் போனேன். எங்கள் பக்கப் பள்ளிக்கூடத் தளங்கள் சிலவற்றில் விண்ணப்பப் படிவம் காட்டும் ஒரு செருகுநிரல் (தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள், plugin) போட்டிருந்தேன். பிள்ளையின் அனுமதிக்கு விண்ணப்பிக்க வரும் அம்மா ஆங்கிலப் பொத்தானைப் பார்த்துத் தடுமாறுகிறார் என்பதால், அதன் சொற்றொடர்கள் 300க்கு மேல் வீட்டிலேயே தமிழாக்கி அட்டவணையாகக் கொண்டுபோயிருந்தேன். ஒரு செருகுநிரலில் 90 வீதம் மொழிபெயர்த்து ஒப்புதலும் கிடைத்துவிட்டால், அந்தத் தமிழ்ச் சொற்கள் அடங்கிய மொழிப்பொதி தானாக உருவாகி அதைப் பாவிக்கும் தளங்களுக்கெல்லாம் போய்ச்சேரும். ஒப்புதல் கொடுக்கும் உரிமை உள்ளவர் அதே மேசையில், எனக்கு முன்னால் இருந்தார்.

மொழிபெயர்ப்பைப் பதிய வேர்ட்பிரஸ் டொட் ஓர்க் கணக்கு வேண்டும். என் கணக்கோ 2016இல் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் மெயிலில் திறந்தது. அங்கிருந்து விலகி வருடங்கள் ஆகியிருந்தன. என் மடிக்கணினியில் கணக்கு எப்போதும் திறந்தபடியே கிடந்ததால் கடவுச்சொல்லைப் பற்றி நினைக்கவே இல்லை. பயணத்துக்கு முதல்நாள் அந்த மடிக்கணினி பழுதாகி, தம்பியின் கணினியை வாங்கிக்கொண்டு போனேன். கடவுச்சொல்லை மாற்றக் கேட்டால், அதற்கான இணைப்பு மூடிப்போன மெயிலுக்குப் போகிறது. சரி, பங்களிப்பாளர்கள் கதைக்கும் ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியில் உதவி கேட்கலாம் என்றால் அதுவும் அதே கிணறு. வேர்ட்பிரஸின் ஸ்லாக்கில் சேர உங்கள் பயனர் பெயரில் ஒரு முகவரி தருவார்கள், அதற்கு வரும் கடிதம் கணக்கில் பதிந்த மெயிலுக்குத்தான் திருப்பி அனுப்பப்படும்.

பழைய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன், யாரும் எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புதுக் கணக்குத் திறந்து சொற்றொடர்களை ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினேன். 70 தாண்டுவதற்குள் மேசைகளை எடுக்க ஆள் வந்துவிட்டார்கள். ஒப்புதல் தருபவர் அடுத்த இரண்டு நாளும் ஆயிரக்கணக்கானோர் நடுவில் எங்கோ போய்விட்டார். அந்தப் பொத்தான் தமிழில் வர இன்னும் 8 மாதம் எடுத்தது. ஒரு வருட அனுமதிக் காலம் அதற்குள் முடிந்துபோனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும்.

ஆகவே இன்றைக்கே கணக்கைத் திறந்து சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். பிறகு வெளியேறி, வேறொரு கணினியில் மறுபடி நுழைந்து பாருங்கள். ஸ்லாக்கிலும் வீட்டில் இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள். செருகுநிரலோ தீமோ (தளத்தின் தோற்ற வடிவம்) வெளியிட்டிருந்தால் 2024 ஒக்டோபரிலிருந்து, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம். அதற்குத் தரும் மாற்றுக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதிப் பாஸ்போட்டோடு வையுங்கள். போன் தொலைந்தாலும் கடதாசி கிடக்கும்.

தமிழா, தமிழ் (இலங்கை)யா?

வேர்ட்பிரஸ் மொழிபெயர்ப்பில் இவை இரண்டும் வேறு வேறு. ஒன்றில் செய்தது மற்றதில் தானாக வராது. எங்கள் தளங்களைத் தமிழ் (இலங்கை) என்று அமைத்துவிட்டு, மற்றதில் நாள் முழுக்க மொழிபெயர்த்த ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். உங்கள் வாடிக்கையாளர்களின் தளம் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேசையில் இருங்கள். இன்னொன்று: சொற்றொடருக்குள் சதவீதக் குறியோடு ஒட்டி வரும் ஆங்கில எழுத்தைத் தொடக்கூடாது. பெயரோ எண்ணோ வந்து நிரம்பும் இடம் அது.

எல்லாப் பேச்சுக்கும் போய் இருப்பது

பேச்சுகள் பிறகு வேர்ட்பிரஸ் ரீவியில் இலவசமாக வரும். கூடத்துக்கு வெளியே நிற்கும் மனிதர்கள் வரமாட்டார்கள்.

பங்களிப்பாளர் நாளைத் தவறவிட்டு விமானம் பதிவது

ஒரு நாள் முன்னதாகவே போய் இறங்குங்கள்.

மேசையை விட்டு எழும்பிய பிறகு

நீங்கள் போட்ட சொற்றொடர்கள் ஒப்புதல் வரும்வரை காத்திருப்பில்தான் கிடக்கும். ஊருக்கு வந்து களைப்பாறி, நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்று விட்டால் அவை அங்கேயே கிடக்கும். மேசையில் சந்தித்தவரின் பயனர் பெயரை அன்றே எழுதிக்கொண்டு, அந்தக் கிழமைக்குள் ஸ்லாக்கில் அவருக்கு எழுதுங்கள். எந்தச் செருகுநிரல், எத்தனை சொற்றொடர், எந்த மொழி என்று மூன்று வரி போதும்.

அந்த மூவரில் இருவர் அன்றைக்கே மெயிலை மாற்றிவிட்டார்கள். மூன்றாமவர் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்.