செல்போனில் ‘உம்’ கொட்ட வைப்பது எப்படி?

ஆச்சி கதை சொன்னால் மடியில் கிடக்கிற பிள்ளை ‘உம்’ கொட்டும். உம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம், இல்லையென்றால் கதை சப்பென்று போகிறது. பிள்ளை சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ இருந்து வீடியோ காலில் கேட்கும்போது முதலில் அடிபடுவது இந்த உம்தான். குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம் ஆகும். பிள்ளை கொட்டிய உம் உங்கள் அடுத்த வாக்கியத்தின் மேல் வந்து விழும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் செயலி ஒருவர் குரலை அமுக்கிவிடும். வாய் திறக்காமல் முனகுகிற உம்மை இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு விழுங்கிவிடுவதும் உண்டு. நாலு தடவை இப்படி ஆனால் பிள்ளை எழுந்து போய்விடும். பழி மட்டும் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதையில் நாட்டமில்லை’ என்று விழும்.

இதற்கு வழி நம் வில்லுப்பாட்டிலேயே இருக்கிறது. வில்லடிக்கிறவர் இழுத்து நிறுத்துகிற இடத்தில்தான் பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமாம்’ போடுவார்கள். அதேபோல மூன்று நான்கு சின்ன வாக்கியம் சொல்லுங்கள். கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்துங்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். பிள்ளை பதில் போட்டு அது உங்கள் காதுக்கு வந்து சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. உம்முக்குப் பதில் ‘ஆமா ஆச்சி’, ‘அப்புறம் தாத்தா’ என்று வாய் திறந்து சொல்லப் பழக்குங்கள். முதல் இரண்டு நாள் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்து கூடச் சேர்ந்து சொன்னால் போதும், பிறகு பிள்ளையே பிடித்துக்கொள்ளும்.

நேரம் குறிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பிள்ளை படுக்கப்போகும் இரவு 8 மணி என்பது, சிங்கப்பூரில் இருந்தால் நமக்கு மாலை 5.30, துபாயில் இருந்தால் இரவு 9.30. நியூஜெர்சி என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவதால் அந்த வாரம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லண்டனுக்குப் படுக்கை நேரக் கதை சரிப்படாது, நமக்கு நடுச்சாமம் ஆகிவிடும். சனிக்கிழமை அவர்களுக்குக் காலை 10 மணி வைத்தால் நமக்குப் பிற்பகல் 2.30 அல்லது 3.30. துபாய் பக்கம் வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் கிடைக்காது. போட்டிம் போல அங்கே ஓடுகிற செயலியை மகனிடம் கேட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். வாய்ஸ் மெசேஜ் போகும்.

போனைக் கையில் பிடிக்காதீர்கள். அரிசி டப்பாவின் மேல் ஒரு சொம்பை வைத்து அதில் சாய்த்தால் கண் மட்டத்துக்கு வரும். தார்சாவில் (முன்கூடத்தில்) வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கரிக்கட்டையாகத் தெரியும், அதனால் சன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். பிள்ளை பக்கமும் போன் அதன் கையில் வேண்டாம். கண்டதை அமுக்கி அழைப்பைத் துண்டித்துவிடும்.

நாலு வயதுக்கு ஐந்து நிமிடக் கதை, எட்டு வயதுக்குப் பன்னிரண்டு நிமிடம். முதல் கதையாக, திருநெல்வேலிக்குப் பெயர் வந்த நெல்வேலிக் கதையே நல்லது. வேதபட்டர் சுவாமி நைவேத்தியத்துக்கு நெல்லைக் காயப்போட்டுவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போகிறார். மழை கொட்டுகிறது. ஓடி வந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் நனையவில்லை, வேலி போட்டதுபோல. அதில் ஓட்டம் இருக்கிறது, மழை இருக்கிறது, கடைசியில் ஊர்ப்பெயரும் கிடைக்கிறது. கையில் ஒரு பிடி நெல்லை எடுத்துக் காட்டுங்கள். சுளகில் (முறத்தில்) அரிசியைச் சரித்து மழைச் சத்தம் காட்டலாம் என்று தோன்றும். அழைப்பில் அது எடுபடாது, தொடர்ந்து வரும் சத்தத்தைச் செயலி வடிகட்டிவிடும். அழைப்பில் இடி மட்டும் போதும், குடத்தில் இரண்டு தட்டு. மழையைத் தனியாக வாய்ஸ் மெசேஜில் அனுப்புங்கள்.

ஒரு கதைக்குப் புதுச் சொல் மூன்றுக்கு மேல் வேண்டாம். சுளகு, மரக்கால் (நெல் அளக்கும் படி), உலக்கை என்றால் பொருளை எடுத்துக் காட்டிவிட்டுச் சொல்லைச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே பொருளைக் காட்டி, ‘இது என்னது?’ என்று அழிப்பாங்கதை (விடுகதை) போடுங்கள். பிள்ளை இங்கிலீஷில் பதில் சொன்னால் திருத்த வேண்டாம். அதையே தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். திருத்தப் போனால் கதை வகுப்பாகிவிடும், பிள்ளை வராது.

வாரம் ஒரு அழைப்பு, நடுவில் இரண்டு வாய்ஸ் மெசேஜ் என்பது நல்ல கணக்கு. மைக்கை அமுக்கி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரல் வலிக்காது. நரிக் கதை என்றால் இரண்டு நிமிடம் பேசி, நரி கிணற்றை எட்டிப் பார்க்கிற இடத்தில் நிறுத்தி, ‘நரி என்ன செஞ்சிருக்கும்? நீ சொல்லு’ என்று முடியுங்கள். பிள்ளை அனுப்புகிற பதில் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அடுத்த அழைப்பில் அங்கிருந்துதான் கதை தொடங்க வேண்டும். நரி பறந்து போச்சு என்றால் பறந்துதான் போச்சு. அதைத் தள்ளிவிட்டு நீங்கள் வைத்திருந்த முடிவையே சொன்னால் மறுவாரம் பதில் வராது.

எட்டு வயதுக்கு மேல் என்றால் நம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு இமயமலை தாண்டி வருகிற வரித்தலை வாத்தைத் தொடர்கதை ஆக்கலாம். வாரம் ஒரு ஊர், பிள்ளை அங்கே வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

கதையோடு காட்டிய பொருளைத் தபாலில் அனுப்ப ஆசைப்பட்டால் மஞ்சாடி விதை, புளியங்கொட்டை, நெல் எல்லாம் உள்நாட்டுக்கு மட்டும். ஆஸ்திரேலியா, அமெரிக்கா பக்கம் விதைகளைச் சுங்கத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். அந்த ஊர்களுக்கு நீங்கள் வரைந்த அட்டைப்படங்களை அனுப்புங்கள், ஒரு கதைக்கு ஆறு போதும்.

கடைசியாக, ஒரு 80 பக்க நோட்டு. தேதி, எந்தப் பேரப்பிள்ளை, எந்தக் கதை, எங்கே நிறுத்தியது, காட்டிய மூன்று சொல். ‘போன வாரம் நரிக்கு வால் இல்லைன்னீங்களே ஆச்சி’ என்று கேட்கும்போது புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.