பழைய விடுதியில் 'ஏதோ' நடந்ததா? அந்த ராத்திரி செய்யக்கூடாத தவறுகள்

உத்தராகண்ட் மலை ஊரான முசூரியில் சவாய் என்று ஒரு பழைய ஓட்டல் இருக்கிறது. 1902இல் திறந்தது. அங்கே தங்கியிருந்த பிரான்சிஸ் கார்னெட்-ஓர்ம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1911இல் விஷத்தால் இறந்துபோனார். ஆவிகளோடு பேச முடியும் என்று நம்பியவர். கூட வந்த தோழி மீது கொலை வழக்கு நடந்தது, அலகாபாத்தில் விடுதலையானார். விஷம் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த அம்மாள் இன்னமும் அங்கே நடமாடுகிறார் என்று சொல்கிறார்கள்.

இந்த மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, போவதற்கு முன்பே எல்லாக் கதையையும் படித்துவிடுவது. எந்த அறை, எந்த நேரம், என்ன சத்தம் என்று மனசில் ஏற்றிக்கொண்டு படுத்தால், காது அதையேதான் தேடும். கதைகளும் ஒன்றுபோல இல்லை. கார்னெட்-ஓர்ம் விஷயத்திலேயே விஷம் ஸ்ட்ரிக்னைன் என்பார் ஒருவர், பிரசிக் அமிலம் என்பார் இன்னொருவர். தங்கிவிட்டு வந்து படியுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. மலை விடுதியில் குளிருக்குக் கணப்பு மூட்டுவார்கள், அல்லது அங்கீட்டி என்ற கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். கதவு ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை கனக்கும், குமட்டும், புத்தி குழம்பும். 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் எழுதினார். பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோனவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்டது, ஆள் உருவம் தெரிந்தது, வீட்டிலிருந்த செடிகள்கூட வாடின. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைபோக்கி வழியாகப் போகவேண்டிய வாயு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. அதனால், அறையில் நெருப்பு இருந்து, தலைவலியோடு ஏதாவது தெரிந்தால், ஆராயாதீர்கள். கூட இருப்பவரையும் எழுப்பிக்கொண்டு உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். வடக்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கீட்டி வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி வருகிறது. கதவைச் சாத்திய அறையில் அங்கீட்டி வேண்டவே வேண்டாம்.

நடுராத்திரி விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தால் பதறவேண்டாம். நம் ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். மூளை முழித்தும், கனவுத் தூக்கத்தில் தளர்ந்த உடம்பு இன்னும் முழிக்காத நிலை அது. பக்கத்தில் ஆள் நிற்பது நிஜமாகவே தெரியும். பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். புது இடம், சரியில்லாத தூக்கம், மல்லாந்து படுப்பது எல்லாம் அதற்குத் தோது. புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பாதி அரைத்தூக்கத்தில் காவல் இருக்கிறது என்று 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கேமரா பிளாஷில் விழும் ஒளி உருண்டைகள் லென்ஸ் பக்கத்துத் தூசி. பேய் தேடுகிறவர்கள் கொண்டுபோகும் மின்காந்த மீட்டர் சுவருக்குள் ஓடும் பழைய ஒயருக்கும் துடிக்கும். இவற்றை நம்பிப் பொழுதை வீணாக்க வேண்டாம்.

ராஜஸ்தானின் கோட்டாவில் பிரிஜ் ராஜ் பவன் என்ற மாளிகை விடுதியாக இருக்கிறது. 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேய அதிகாரி மேஜர் பர்ட்டனும் அவருடைய இரண்டு மகன்களும் அங்கே கொல்லப்பட்டார்கள். தூங்கும் காவலாளியைப் பர்ட்டன் அறைவார் என்று கதை. அப்பாவும் பிள்ளைகளும் செத்த வீட்டில் நின்றுகொண்டு சுவரைத் தட்டி, "தைரியம் இருந்தா வெளியே வா" என்று வீடியோ எடுப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அப்புறம், வேலை செய்பவர்களிடம் பேய்க்கதை கேட்டு நச்சரிப்பதைவிட எந்த ஜன்னல் ஆடும், எந்தக் குழாய் இரையும் என்று கேளுங்கள். அவர்களுக்குத்தான் அந்தக் கட்டடம் தெரியும்.

எல்லாவற்றிலும் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, எழுதி வைக்காமல் பேச ஆரம்பித்துவிடுவது. குமாவுன் மலையில் ஒரு பழைய விடுதியில் நானும் அக்காவும் தங்கினோம். 1.40க்குத் தலைக்கு மேலே யாரோ நடக்கிற சத்தம். எட்டு அடி, நிறுத்தம், மறுபடி எட்டு. மேலே மாடி கிடையாது, தகரக் கூரைதான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன். காலையில் வெயில் ஏறினதும் அதே கூரை அதே மாதிரி டக் டக் என்றது. குளிரில் சுருங்குவதும் வெயிலில் விரிவதும்தான்.

ஆனால் டீ குடிக்கும்போது அக்கா, "ஒரு பொம்பளை இருமினாளே, கேட்டியா?" என்றாள். மத்தியானத்துக்குள் அந்த இருமல் எனக்கும் கேட்டதாகவே ஆகிவிட்டது. டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். இருமல் இல்லை. பேசுவதற்கு முன், ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக, நேரம் போட்டு எழுதியிருக்க வேண்டும்.

அந்த டிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழே இன்னொரு வரி: "3.25. தாழ்ப்பாள் திறந்திருக்கிறது. படுக்கும்முன் நான்தான் போட்டேன். அக்கா தூங்குகிறாள்." அதற்கு எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை. அந்த வரியை எழுதினபடியே வைத்திருக்கிறேன்.