பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும்போது

"நார்மலா, சிசேரியனா?" என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். என் மகளைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இதைத்தான் கேட்டார்கள். பதில் சொன்னதும் ஒரு "ச்சு". அந்தச் சத்தம் அவளை எத்தனை இரவு அழவைத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஐந்து மாதம் கர்ப்பகால வகுப்புக்குப் போனவள் அவள். மூச்சுப் பயிற்சி, நடை, எதையும் விடவில்லை. பதினான்கு மணி நேர வலிக்குப் பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அதே வகுப்புக்கு வந்த ஒருத்தி, "பயிற்சியை ஒழுங்காகச் செய்திருந்தால் தப்பித்திருக்கலாம்" என்றாள். மூச்சுப் பயிற்சி வலியைத் தாங்க உதவும். இறங்கும் துடிப்பை ஏற்றாது.

"சுகப்பிரசவம்" என்ற சொல்லையும் அவள் எதிரே தவிருங்கள். மற்றது சுகமில்லாதது என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். தேவையில்லாமல் செய்பவையும் உண்டு. அதை மருத்துவமனையிடம் கேளுங்கள், தையல் போட்ட வயிற்றோடு படுத்திருப்பவளிடம் கேட்காதீர்கள்.

பூண்டுக் குழம்பு கொண்டுபோங்கள். இருமல் வந்தால் தையலின்மேல் அணைத்துப் பிடிக்கத் தலையணையை எடுத்துக் கொடுங்கள். "தூங்கினாயா, கண்ணு?" என்று கேளுங்கள். அவளாகவே பிரசவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் முழுவதும் கேளுங்கள். கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள், காப்பி டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு.