சபைப் பெரியவர்களை வீட்டில் தங்க வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் ரங்கூனில் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஓர் இளம் தம்பதியின் வீட்டுக்கு மௌல்மீன் ஊரிலிருந்து நான்கு பெரியவர்கள் வந்தார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். வாய் ஓயாமல் பேசுகிற, பாட்டு என்றால் முதல் குரல் கொடுக்கிற ஆட்கள். அந்த வீட்டில் இரண்டு நாள் கூடமாட உதவி செய்தேன். நான் முன்பு செய்த அதே தவறுகளை அந்தப் பெண் ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் நேரில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டைப் பெருக்கி வையுங்கள், தலையணை உறை மாற்றுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

மாடிப்படி

ரங்கூன் டவுனில் நம்மில் பாதிப்பேர் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்தான் இருக்கிறோம். படி செங்குத்தாக இருக்கும், அகலமும் போதாது. "நான் ஏறிவிடுவேன்மா" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் ஏறியும் விடுவார்கள். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூட்டுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாரம். காலையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) சாப்பிட ஒரு தடவை, பத்து மணிக்குக் கடைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆராதனைக்கு ஒரு தடவை என்று இறக்கினால் மூன்றாம் நாள் அவர்களுக்குக் கால் வராது. ஒரு நாளைக்கு ஒரே தடவை இறங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வையுங்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு பால்கனிக் கயிறு இருக்கிறது. கீழே தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டு, கயிற்று நுனியில் இருக்கிற கிளிப்பில் பையையும் பணத்தையும் மாட்டி இறக்கினால் மொஹிங்கா மேலே வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பெரியவர்களிடமே கொடுத்துவிடுவேன். எழுபத்தாறு வயது மாமா ஒருவர் தினமும் ஆறு மணிக்கே பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருப்பார்.

வார்டு ஆபீஸ்

இரவு தங்குகிறவர்களைப் பதிய வேண்டும். வந்த அன்றே, இருட்டுவதற்கு முன். அடையாள அட்டை நகலை அவர்கள் கிளம்பும்போதே போனில் வாங்கிவிடுங்கள்.

ஜெபம் முடிந்து சாப்பாடு

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இன்றைக்கும் இதை யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2016இல் மௌல்மீன் அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். சபை உறவில்தான் அத்தை. ஆனால் என் கல்யாணத்துக்கு மாலை கட்டிக்கொடுத்தவர்கள். அப்போது அவர்களுக்கு எழுபத்தொரு வயது. கூட நாத்தனாரும் மாமாவும். வந்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: ஆற்றுக்கு அக்கரையில் தன்லினில் படுக்கையாகக் கிடந்த தங்கையைப் பார்ப்பது. நடுவில் ஒரு நாள் எங்களோடு, அடுத்த நாள் தன்லின், அதற்கடுத்த நாள் விடிகாலை பஸ். டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது.

அந்த நடுநாள் சாயங்காலம் சபைக் குடும்பம் ஒன்று விருந்துக்குக் கூப்பிட்டது. "ஆறரைக்குச் சாப்பாடு" என்றார்கள். அத்தை ஆறு மணிக்கு வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினார்கள். போய்ப் பார்த்தால் கூடம் முழுக்கப் பாய் விரித்திருக்கிறது. பதினெட்டுப் பேர். வெளியூர்ப் பெரியவர்கள் வந்திருக்கிறார்களே, ஒரு சின்ன ஜெபம் வைத்துக்கொண்டு சாப்பிடலாம் என்றார்கள்.

நம் சின்ன ஜெபம் எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும். முதலில் மூன்று கீர்த்தனை. அத்தைக்குப் புத்தகமே வேண்டாம், கடைசிச் சரணம் வரைக்கும் மனப்பாடம். அவர்கள் பாடுவதைக் கேட்ட சந்தோஷத்தில் இன்னும் இரண்டு பாட்டு. அப்புறம் சாட்சி, அதாவது கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து சொல்வது. ஒருவர் சொன்னால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? அப்புறம் ஒரு சிறு பிரசங்கம். மணி எட்டேகால். அடுக்களையில் ஆறரைக்கே இறக்கி வைத்த பிரியாணியின் வாசனை கூடத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

அத்தை பாடுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெபத்தில் இருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது, ஆனால் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. என்னைப் பார்த்து, "பஸ் வந்திடுச்சா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள் தலையில் கைவைத்து இன்னும் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் எழுந்து, "சர்க்கரை எங்கே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்கு ஓடினாள். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். எதிர் வீட்டிலிருந்து சர்க்கரை பார்க்கும் மீட்டர் வாங்கிப் பார்த்தபோது 48 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு.

அன்றிரவு அத்தையை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டது கிளிபென்கிளமைடு. அந்த மாத்திரை உடம்பில் வெகுநேரம் வேலை செய்யும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஏற்றினாலும் மறுபடி இறங்கலாம் என்பதால் விடியும்வரை அனுப்பவில்லை. மறுநாள் தன்லின் பயணம் போச்சு. அதற்கடுத்த நாள் பஸ். வந்த காரியம் நடக்காமலே அத்தை ஊர் திரும்பினார்கள். அந்தத் தங்கையை அவர்கள் பார்த்தது இரண்டு வருஷம் கழித்துத்தான்.

சோறு ஆறரைக்கே தயார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. அந்த வீட்டாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மாத்திரை போட்டதைப் பார்த்தவள் நான். எழுந்து சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான். ஜெபத்தின் நடுவில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் மரியாதைக் குறைவு என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அதில் என்ன மரியாதைக் குறைவு? சூரைச்செடியின் கீழே சோர்ந்து படுத்திருந்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அப்புறம்தான் ஓரேப் மலையில் கர்த்தருடைய வார்த்தை. யவீருவின் இறந்த மகளை உயிரோடு எழுப்பினவுடனே இயேசு சொன்னது அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று. வேதம் தெரிந்த நாம்தான் பெரியவர்களைப் பட்டினியாக உட்கார வைத்துப் பாட்டுப் பாடச் சொல்கிறோம்.

இப்போது நான் செய்வது இது. வந்து இறங்கிய அன்றே மருந்துப் பையை வாங்கி, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் போன்றவற்றில் ஒன்று இருந்தால்தான் கவனம். அதிலும் கிளிபென்கிளமைடு அறுபது வயதுக்கு மேல் ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே போட்டிருக்கிறது. பார்த்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஊருக்குப் போனதும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். வெளியே விருந்து என்றால் மாத்திரை கைப்பையில் வரட்டும். சோற்றுத் தட்டு கண் முன்னால் வந்த பிறகு வாயில் போடட்டும்.

விருந்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் பேசுவதும் நம் வேலைதான். அதைப் பெரியவர்கள் தலையில் கட்டக்கூடாது. பசிக்கிறதா என்று அவர்களைக் கேட்டால் "பரவாயில்லைம்மா" என்றுதான் பதில் வரும். நான் முந்தின நாளே போன் போட்டு, "அக்கா, அவங்களுக்கு மாத்திரை நேரம் இருக்கு. முதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாடலாம்" என்று சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்குத்தான் ஒப்புக்கொள்வேன். மூன்று வீட்டில் மூன்று கை சாப்பிட்டு மூவரையும் திருப்திப்படுத்தும் வேலை அவர்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வேர்வை தெரியும். வேர்வையைப் பாருங்கள், பேச்சு தடுமாறுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் சோறு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

படுக்கை

தரையில் பாய் போடாதீர்கள். அவர்கள் கேட்டாலும்.

கரண்ட்

கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தண்ணீரை மேலே ஏற்றி, டிரம்மை நிரப்பி வைப்பது நமக்குப் பழகிவிட்டது. விருந்தாளிக்கு அது தெரியாது. நான்கு பேர் கூடுதலாக இருந்தால் ஒரே நாளில் டிரம் காலி. அவர்கள் வருவதற்கு முந்தின நாளே இன்னொரு டிரம் வாங்கியோ இரவல் எடுத்தோ நிரப்பிவிடுங்கள். இரவு பாத்ரூம் வழியில் சார்ஜ் செய்த விளக்கு ஒன்று எரியட்டும். டார்ச்சைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கக் கலக்கத்தில் தேட மாட்டார்கள், இருட்டிலேயே நடப்பார்கள்.

கையிலிருந்து வேலையைப் பிடுங்குவது

அந்த இளம்பெண் இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தது, "நீங்க உட்காருங்க பாட்டி." பாட்டி பூண்டு உரிக்க உட்கார்ந்தால் தட்டைப் பிடுங்கினாள். துணி மடிக்கப் போனால் துணியைப் பிடுங்கினாள். அன்பினால்தான் செய்தாள். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சபை விருந்துக்கு அண்டா அண்டாவாகச் சமைத்தவர்களுக்கு, வெறும் கையோடு உட்காருவதுதான் அலுப்பு. உட்கார்ந்து செய்கிற வேலையாக எடுத்து வையுங்கள். கீரை ஆயட்டும், வெங்காயம் உரிக்கட்டும். அந்த நேரத்தில்தான் பேச்சு வரும். மௌல்மீன் ரயில் மொட்டமாவோடு நின்று, அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்த காலத்தை எங்கள் பிள்ளைகள் கேட்டது வெங்காயம் உரிக்கும்போதுதான். 2005இல் பாலம் திறக்கும்வரை அப்படித்தான் வந்தோம் என்றார்கள்.

ஊர் சுற்றிக் காட்டுவது

ரங்கூனை அவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டியதில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன்பே பார்த்தவர்கள். புது மால், பார்க் என்று பட்டியல் போடாமல், "எங்கே போகணும்னு ஆசை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நாம் நினைக்காத இடமாக இருக்கும். கயிறு பிடித்து உட்கார்ந்திருப்பார் என்றேனே, அந்த மாமா டவுனில் ஒரு தெருப் பெயரைச் சொல்லி அங்கே இறக்கிவிடச் சொன்னார். அவருடைய அப்பாவின் கடை அங்கே இருந்தது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அதுவும் போயிற்று. அண்ணன்மார் கப்பல் ஏறி மதராஸ் போனார்கள், இவர் மட்டும் தங்கிவிட்டார். இப்போது அங்கே செல்போன் கடை. மாமா உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடையில் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடித்தார். நாங்கள் எதுவும் பேசவில்லை. அன்றைக்கு வேறு எங்கும் போகவும் இல்லை.

கிளம்பும் நாள்

அவுங் மிங்கலார் பஸ் நிலையம் டவுனிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும்தானே? இரண்டு மணி நேரம் முன்னாலேயே டாக்ஸி ஏற்றுங்கள். சாமான்களை முந்தின இரவே கீழ்வீட்டில் இறக்கி வையுங்கள். மருந்துப் பையைப் பெட்டிக்குள் கட்டிவிடாமல் கையில் கொடுங்கள்.

2018இல் அத்தை மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை வந்த மறுநாளே, வேறு எந்த வீட்டுக்கும் போகாமல், காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தன்லினுக்குக் கிளம்பினோம். பாலத்தில் கார் போகும்போது அத்தை கைப்பையைத் திறந்து காட்டினார்கள். கைக்குட்டையில் முடிந்த கற்கண்டு. ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, இன்னொன்றை என் கையில் வைத்தார்கள்.