‘கொண்டாட மாட்டீர்களா?’: லூசில் கிளிஃப்டனின் கவிதையை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லூசில் கிளிஃப்டன் (1936–2010) எழுதிய ஒரு சிறு கவிதை, ‘என்னோடு சேர்ந்து கொண்டாட மாட்டீர்களா’ என்று தொடங்குகிறது. 1993-இல் வெளிவந்த ‘ஒளியின் புத்தகம்’ என்று பொருள்படும் தொகுப்பில் உள்ள அது, மொத்தம் 14 வரிதான். வெள்ளையரல்லாதவளாகவும் பெண்ணாகவும் பிறந்த ஒருத்தி, பார்த்துப் பின்பற்ற யாருமில்லாத நிலையில் தானே ஒருவகை வாழ்வை வனைந்துகொண்டதையும், தன்னைக் கொல்ல அன்றாடம் முயலும் ஏதோ ஒன்று தோற்றிருப்பதையும் சொல்லி நம்மைக் கொண்டாட்டத்துக்கு அழைக்கிறாள். கடினமான சொல் ஒன்றுகூட இல்லாததால் இதைத் தமிழில் தருவது எளிது என்று தோன்றும். ஆனால் கவிதையை அதன் அளவைவிடப் பெரிதாக்கிவிடும் ஆசைதான் இதில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

தொடக்கத்திலேயே வழுக்கிவிட இடமிருக்கிறது. கவிதை ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறது. வர மறுக்கும் உரிமையை எதிரில் இருப்பவருக்கு விட்டுவைத்துக் கேட்கும் கேள்வி அது. நானே என் மொழிபெயர்ப்பின் முதல் வரைவில் ‘வாருங்கள், கொண்டாடுவோம்’ என்று எழுதி, அது மாநாட்டுப் பந்தல் வாசகம்போல ஒலித்ததால் அடித்தேன். ‘வாருங்கள்’ என்ற அழைப்பு கவிதையில் வரத்தான் செய்கிறது, ஆனால் கடைசி நான்கு வரிகளுக்குள்தான் வருகிறது. அந்தத் தூரத்தைக் கடக்காமல் அதை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் கேள்வியில் இருந்த தயக்கம் காணாமல் போய்விடும். மாயா ஆஞ்சலோ 1978-இல் வெளியிட்ட, எழுச்சியைப் பாடும் புகழ்பெற்ற கவிதையின் குரலில் இதையும் முழங்குவது அதே வகைத் தவறு. அது எதுகை இயைபோடு எழும் பாட்டு. இது கிட்டத்தட்டப் பேச்சு. ‘ஒருவகை வாழ்வு’ என்று கிளிஃப்டன் அடக்கிச் சொன்ன இடத்தில் ‘உன்னத வாழ்வு’ என்று எழுதுவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

‘எனக்கு முன்மாதிரி இல்லை’ என்பதைத் தற்பெருமையாகவோ முன்னோரை மறந்த நன்றியின்மையாகவோ கொள்வது அடுத்த தவறு. தன் மூதாதையரை மறந்தவரல்லர் கிளிஃப்டன். ஆப்பிரிக்காவின் தஹோமியில் பிறந்து, அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, எட்டு வயதில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வர்ஜீனியாவரை நடந்ததாகக் குடும்பத்தில் சொல்லப்படும் கரோலைன் என்ற மூதாட்டியைப் பற்றி 1976-இல் தம் நினைவுநூலிலேயே எழுதியவர். அவருக்கு இல்லாதிருந்தது மூதாதையர் அல்ல, பார்த்துப் பின்பற்றத் தக்க ஒரு வாழ்வு. இதே 1993 தொகுப்பில் தாயைப் பற்றிய கவிதை ஒன்று உண்டு. அதில் தாய் உலைக்கு முன் நிற்கிறாள்; நிலக்கரி தணல் மாணிக்கமாக மின்னுகிறது; கையில் பிடித்திருந்த கவிதைத் தாள்களைத் தீக்குள் விட்டுவிடுகிறாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு நம் கவிதைக்குத் திரும்பினால், பேசுபவள் தன் ஒரு கையால் மற்றொரு கையை இறுகப் பற்றியிருப்பது வேறுவிதமாகத் தெரியும். அதைக் கூப்பிய கை என்று மாற்றி வழிபாட்டுக் காட்சியாக்கிவிட வேண்டாம். பிடித்துக்கொள்ள வேறு கை கிடைக்காதவளின் பிடி அது.

‘வெள்ளையரல்லாதவள்’ என்ற சொல்லைக் ‘கறுப்பினப் பெண்’ என்று சுருக்குவதைப் பலரும் தவறாகவே நினைப்பதில்லை. ஆனால் கிளிஃப்டன் இங்கே கறுப்பு என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளையை அளவுகோலாக வைத்து, அது இல்லாதவள் என்று பிறர் இட்ட எதிர்மறைப் பெயரையே எடுத்துக் கையாளுகிறார். அதோடு, இரண்டும் சேர்ந்தவள் என்று எண்ணிக் காட்டுகிறார். இனவெறி ஒரு சுமை, பெண் என்பதால் வரும் ஒடுக்குமுறை இன்னொரு சுமை. ஒரே தொடராக இணைத்தால் அந்தக் கணக்கு அழிந்துவிடும்.

‘பாபிலோனில் பிறந்தேன்’ என்ற தொடருக்கு, இராக்கில் உள்ள பழைய நகரம் என்று அடிக்குறிப்பு இடுவது எந்தப் பயனும் தராது. கவிஞர் பிறந்தது நியூயார்க் மாநிலத்தின் டெப்யூ என்ற ஊரில். பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட யூதர்கள், ‘பாபிலோன் ஆறுகள் அருகே’ அமர்ந்து தங்கள் ஊரான சீயோனை (எருசலேமை) நினைத்து அழுததைப் பாடும் விவிலியத்தின் 137-ஆம் சங்கீதம், கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அடிமைத்தனத்தோடு சேர்த்து வாசிக்கப்பட்டு வந்தது. சங்கீதத்தில் பேசுவோருக்கு நினைத்து அழ ஓர் ஊராவது இருந்தது. இவளோ சிறையிருப்பிலேயே பிறந்தவள்.

ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுவது மரபாயிருக்க, கிளிஃப்டன் அதைச் சிறிய எழுத்தில் எழுதுகிறார். தமிழில் அந்த வேறுபாடு இல்லை என்று கைவிரிக்க வேண்டியதில்லை. ‘பிறந்தேன்’, ‘வனைந்தேன்’ என்னும் வினைமுற்றுகளின் ஈற்றிலேயே தன்மை இடம் அடங்கிக் கிடப்பதால், ‘நான்’ என்ற சொல்லை இயன்றவரை எழுதாமல் விடலாம். வரிக்கு வரி ‘நான், நான்’ என்று எழுதும் பெயர்ப்பு நேர் எதிர்த்திசையில் போய்விடுகிறது.

இறுதி வரிகளில்தான் மிகுந்த கவனம் தேவை. கொல்ல முயன்றது யார் என்று கவிதை சொல்வதில்லை. ‘ஏதோ ஒன்று’ என்று மட்டும் சொல்கிறது. அதை ‘எதிரிகள்’ என்றோ ‘யாரோ’ என்றோ உயர்திணைக்கு மாற்றினால், ஆள் மாறினாலும் அழியாத ஓர் அமைப்பு வெறும் பகையாளியாகச் சிறுத்துப்போகும். அஃறிணை ஒருமை இங்கே நமக்குக் கிடைத்த கொடை. சிலர் அந்த ‘ஒன்றை’ அவருடைய புற்றுநோய் என்று விளக்குகிறார்கள். நோயைப் பற்றிய அவருடைய கவிதைகள் 1996-இல் வந்த தொகுப்பில் உள்ளன. இந்தக் கவிதை அதற்கு முந்தையது. நாளைக் குறிக்க அவர் எழுதிய சொல்லில் நாள்தோறும் என்பதோடு, வழக்கமான, சாதாரணமான என்ற பொருளும் கலந்திருக்கிறது. ‘அன்றாடம்’ என்றால் இரண்டும் கிடைக்கும். வினையின் காலத்தையும் பார்க்க வேண்டும். ‘முயன்றது, தோற்றது’ என்றால் போர் முடிந்து வெற்றி உறுதியாகிவிட்டது என்று பொருள். கிளிஃப்டன் அப்படி எழுதவில்லை; ‘முயன்றிருக்கிறது, தோற்றிருக்கிறது’ என்கிறார். இன்றுவரையிலான கணக்கு அது. நாளைய கணக்கை அவர் எழுதவில்லை.