மும்பைக்கு குடும்பத்தோட மாறி வர்றீங்களா? காலேஜ் பீஸுக்கான வேலையை முதல் மாசமே ஆரம்பிங்க

நம்மாளுங்க இங்க வந்ததும் வீடு, கேஸ் கனெக்‌ஷன், ஸ்கூல் அட்மிஷன்னு ஓடுவோம், காலேஜ் பீஸைப் பத்தி பன்னெண்டாவது ரிசல்ட் வந்த பிறகுதான் யோசிப்போம், அதுக்குள்ள பாதி வழி அடைஞ்சு போயிருக்கும். நான் மும்பை பக்கத்துல இருக்கற டோம்பிவிலி வந்து 22 வருஷம் ஆச்சு. பெரியவ இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்குப் போறா, சின்னவ பதினொண்ணாவது. பெரியவளுக்கு நாங்க பட்ட பாடு புதுசா வர்றவங்க படக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

பணத்தை விட இங்க முதல்ல வேணுங்கறது பேப்பர். டோமிசைல் சர்டிபிகேட்னு ஒண்ணு இருக்கு, 15 வருஷம் தொடர்ந்து மகாராஷ்டிரால இருந்ததுக்கு ஆதாரம் காட்டினாதான் தாசில்தார் ஆபீஸ்ல குடுப்பாங்க, அப்ளிகேஷனை சேது கேந்திரால (கவர்ன்மென்ட் சேவை மையம்) போடலாம், ஆன்லைன்லயும் போடலாம். நாங்க வந்த முதல் ரெண்டு வருஷம் வாடகையை கையில ரொக்கமா குடுத்தோம், அக்ரிமென்ட்டே கிடையாது. அப்ளை பண்றப்போ அந்த ரெண்டு வருஷத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாம வீட்டையே புரட்டிப் போட்டோம், கடைசில பரண் மேல கெடந்த பழைய கேஸ் புக்ல முதல் வீட்டு அட்ரஸும் தேதியும் சீலோட இருந்துச்சு, அதுதான் காப்பாத்துச்சு. அதனால வந்த முதல் மாசத்துல இருந்தே லீவ் அண்ட் லைசன்ஸ் அக்ரிமென்ட்டை (இங்க வாடகை ஒப்பந்தத்துக்கு அதுதான் பேரு) ரிஜிஸ்டர் பண்ணச் சொல்லுங்க, லைட் பில், பேங்க் பாஸ்புக், பிள்ளையோட ஸ்கூல் ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க. பிள்ளை இங்கயே பொறந்திருந்தா பர்த் சர்டிபிகேட் பெரிய பலம்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இன்ஜினியரிங் சிஇடி (மகாராஷ்டிராவோட நுழைவுத் தேர்வு) கவுன்சலிங்ல ஸ்டேட் சீட்டுக்கு வழக்கமான வழி என்னன்னா, பத்தாவதும் பன்னெண்டாவதும் மகாராஷ்டிராலயே பாஸ் பண்ணிருக்கணும், கூடவே டோமிசைல் இல்லன்னா இங்க பொறந்த ஆதாரம் இருக்கணும். அப்பா அம்மா டோமிசைல் வச்சிருந்தாலும், சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைல இங்க போஸ்டிங்ல இருந்தாலும் தனி வழி இருக்கு. இது எதுலயும் வரலைன்னா வெளிமாநில ஆளுதான், ஜேஇஇ மெயின் மார்க்ல வர்ற கொஞ்சம் ஆல் இண்டியா சீட்டுக்குத்தான் நிக்கணும், இல்லன்னா மேனேஜ்மென்ட் கோட்டா, அங்க பீஸ் எங்கயோ போயிடும். டோமிசைல் இருந்து வருஷ வருமானம் 8 லட்சத்துக்குள்ளயும் இருந்தா, கவுன்சலிங் வழியா சேர்ற ஓப்பன் கேட்டகரி பிள்ளைக்கு டியூஷன் பீஸ்ல பாதியை ஸ்டேட் கவர்ன்மென்ட்டே கட்டுது, ஸ்டேட் கவர்ன்மென்ட்டோட மகாடிபிடி போர்ட்டல்ல அப்ளை பண்ணணும். பொண்ணுங்களுக்கு 2024-25ல இருந்து புரொபஷனல் கோர்ஸ்க்கு முழு டியூஷன் பீஸும் கிடைக்குது, பொருளாதாரத்துல பின்தங்கின குடும்பம், ஓபிசி, எஸ்இபிசி (சமூக, கல்வி ரீதியா பின்தங்கினவங்க) பொண்ணுங்களுக்கு. அதுக்கு தாசில்தார் குடுக்குற இன்கம் சர்டிபிகேட் கையில இருக்கணும்.

எல்.சி.யையும் (ஸ்கூல் லீவிங் சர்டிபிகேட், நம்ம ஊர் டி.சி. மாதிரி) ஒரு தடவை நல்லா படிச்சுப் பாருங்க. அதுல மாத்ருபாஷா, அதாவது தாய்மொழின்னு ஒரு கட்டம் இருக்கும். எங்க பொண்ணோடதுல ஸ்கூல் கிளார்க் இந்தின்னு எழுதி வச்சிருந்தாரு, நாங்க கவனிக்கவே இல்ல, பத்தாவதுல கவனிச்சு மாத்தறதுக்கு ரெண்டு மாசம் அலைஞ்சோம். தமிழ் மொழிச் சிறுபான்மை காலேஜ்ல அந்தக் கோட்டாவுக்கு அப்ளை பண்றப்போ அந்த ஒரு வார்த்தைதான் பேசும்.

ஊர்ல வாங்குன கம்யூனிட்டி சர்டிபிகேட் இங்க ஸ்டேட் கோட்டாவுக்கு செல்லாது, மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா ஐஐடி, என்ஐடி மாதிரி சென்ட்ரல் இன்ஸ்டிட்யூட்ல செல்லும், ஓபிசின்னா சென்ட்ரல் பார்மட்ல வாங்கி வைங்க. ஐஐடில குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள்ளன்னா டியூஷன் பீஸே கிடையாது, 5 லட்சம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி, எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு முழுசும் தள்ளுபடி. இங்க சரிப்பட்டு வரலைன்னா ஊரை மறந்துடாதீங்க, வெளிமாநிலத்துல படிச்ச நம்ம பிள்ளைங்க நேட்டிவிட்டி சர்டிபிகேட் வச்சு தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல கலந்துக்கலாம்.

இப்ப லோன். பெரியவ சேர்றப்போ பேங்க்ல அலைய விட்டாங்க, "ஆதார்ல ஊர் அட்ரஸ் இருக்கே, உங்க ஊர் பிராஞ்ச்ல கேளுங்க"ன்னாங்க, சேர்றதுக்கு கடைசி தேதி நெருங்கிடுச்சு, பயத்துல 14 பர்சென்ட் வட்டிக்கு ஒன்றரை லட்சம் பெர்சனல் லோன் எடுத்து முதல் வருஷம் கட்டினேன். அதுக்கு வட்டியும் ஜாஸ்தி, டாக்ஸ்ல ஒரு பைசா சலுகையும் கிடையாது. நகையை அடகு வச்சு பீஸ் கட்டுறவங்களுக்கும், மச்சான்கிட்ட கைமாத்து வாங்குறவங்களுக்கும் டாக்ஸ் விஷயத்துல இதே கதைதான். அதனால முதல்ல ஆதார் அட்ரஸை மாத்துங்க. அப்புறம் பேங்க்ல தைரியமா கேளுங்க, 4 லட்சம் வரைக்கும் எஜுகேஷன் லோனுக்கு சொத்து ஜாமீனே கேட்கக்கூடாது, ஏழரை லட்சம் வரைக்கும் கவர்ன்மென்ட் கேரன்டி ஸ்கீம்ல ஜாமீன் இல்லாமலே குடுக்கலாம். 2024 நவம்பர்ல பிஎம் வித்யாலக்‌ஷ்மின்னு ஒரு ஸ்கீம் வந்திருக்கு, லிஸ்ட்ல இருக்கற நல்ல காலேஜ்ல மெரிட்ல சீட் கிடைச்சா ஜாமீனும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம், வருமானம் 8 லட்சம் வரைக்கும் இருந்தா 10 லட்ச லோன் வரைக்கும் படிக்கிற காலத்து வட்டில 3 பர்சென்ட் மானியம் உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இது கிடையாது.

படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் இஎம்ஐ இல்லைன்னு சொன்னதும் நாம நிம்மதியா விட்டுடறோம், ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கு. வருஷம் ஒன்றரை லட்சம் வீதம் நாலு வருஷம், 10 பர்சென்ட்னு வச்சுக்கோங்க, முதல் வருஷம் 15,000, அப்புறம் 30,000, 45,000, 60,000, சும்மா இருக்கற அஞ்சாவது வருஷம் இன்னொரு 60,000, மொத்தம் 2,10,000. 6 லட்சம் வாங்கினது இஎம்ஐ ஆரம்பிக்கறப்போ 8 லட்சத்து 10 ஆயிரமா நிக்கும். மாசாமாசம் அந்த வட்டியை மட்டும் கட்டிடுங்க, அப்படி கட்டினா சில பேங்க்ல 1 பர்சென்ட் வட்டி குறைப்பாங்க, கேட்டு வாங்குங்க.

டாக்ஸுக்கு வந்தா, எல்லாரும் 80இ (80E)ன்னு சொல்ற வருமான வரிச் சலுகை எஜுகேஷன் லோன் வட்டிக்கு மட்டும்தான், அசலுக்கு இல்ல, அதுக்கு உச்சவரம்பும் கிடையாது, ஆனா வட்டி கட்ட ஆரம்பிச்ச வருஷத்துல இருந்து 8 வருஷம்தான். இங்கதான் ஒரு சிக்கல், படிக்கறப்பவே வட்டி கட்ட ஆரம்பிச்சா அந்த 8 வருஷமும் அப்பவே ஓட ஆரம்பிச்சிடும். இருந்தாலும் கட்டுங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா இந்த சலுகை பழைய டாக்ஸ் ரெஜிம்ல (வரி கணக்கிடுற பழைய முறை) இருக்கறவங்களுக்கு மட்டும்தான், புது ரெஜிம்ல கிடையாது, அதுல 2025-26ல இருந்து 12 லட்சம் வருமானம் வரைக்கும் டாக்ஸே வராது, அந்த அளவு சம்பளம் வாங்குறவங்க 80இக்காக தலையை உடைச்சுக்க வேண்டாம். அதுக்கு மேல சம்பளம்னா ரெண்டு ரெஜிமையும் போட்டுப் பாருங்க. லோன் பேப்பர்ல யார் பேர் இருக்கோ, யார் தன் சம்பளத்துல இருந்து வட்டி கட்டுறாங்களோ அவங்கதான் கிளெய்ம் பண்ண முடியும், அதனால வீட்டுல யாருக்கு டாக்ஸ் ஜாஸ்தியோ அவங்களை கோ-பாரோயரா (சேர்ந்து கடன் வாங்குறவங்களா) போடுங்க, கையெழுத்து போடுற அன்னிக்கே இதை முடிவு பண்ணிடுங்க. வருஷா வருஷம் பேங்க்ல இன்ட்ரஸ்ட் சர்டிபிகேட் வாங்கி, அந்த கேஸ் புக் இருக்கற அதே பைல்ல போட்டு வைங்க.