சளி மருந்து: எக்ஸ்பைரி தேதியை மட்டும் பார்த்தால் போதாது

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், சளிக்கும் காய்ச்சலுக்கும் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மாவில். அங்கே எடுத்த எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சைத் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியைத்) தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அந்தப் பாட்டிலில் அச்சடித்திருந்த எக்ஸ்பைரி 2027 ஏப்ரல்.

வீட்டில் மருந்தைச் சரிபார்ப்பது என்றால் நம்மில் பலர் செய்வது, எக்ஸ்பைரி தேதியைத் தேடிப் பார்ப்பதுதான். அந்தத் தேதி சொல்வது ஒன்றே ஒன்று: ஒழுங்காகத் தயாரித்து, ஒழுங்காக வைத்திருந்தால், மருந்தின் வீரியம் அதுவரை குறையாது. ஆலையில் உள்ளே என்ன போனது என்பதை அது சொல்லாது. கோல்ட்ரிஃப் விஷயத்தில் அந்தப் பாட்டிலுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு ஆயுள் பாக்கி இருந்தது.

பெயரை வைத்துத் தேடுவது

மருந்து திரும்பப் பெறப்பட்டது என்று செய்தி வந்ததும் அலமாரியைத் திறந்து, அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறோம். அறிவிப்பில் வருவது பெயர் மட்டுமல்ல. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தரமில்லாத மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் மருந்தின் பெயரோடு தயாரித்த நிறுவனம், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, எக்ஸ்பைரி எல்லாம் இருக்கும். ஒரே மருந்தின் ஒரு பேட்ச் தேறாமல் போகலாம், அடுத்தது தேறியிருக்கலாம். கோல்ட்ரிஃப் மாட்டிய அதே மாதத்தில் குஜராத்தில் தயாரான ரெஸ்பிஃபிரெஷ் டிஆர், ரீலைஃப் என்ற இரண்டு சிரப்புகளிலும் அதே நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. மூன்றின் பேட்ச்சுகளையும் குறிப்பிட்டு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. கோல்ட்ரிஃப் என்ற பெயரை மட்டும் தேடியவருக்கு மற்ற இரண்டும் கண்ணில் பட்டிருக்காது.

ஆனால் பேட்ச் நம்பர் நம் கையில் இருக்க வேண்டுமே! சிரப் வந்த அட்டைப்பெட்டியை அன்றைக்கே குப்பையில் போடுகிறோம். லேபிள் ஒழுகிய மருந்தில் ஊறி எழுத்து அழிந்துவிடுகிறது. மாத்திரை அட்டையில் நம்பரும் தேதியும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். மெடிக்கலில் இரண்டு மாத்திரை கேட்டால் வெட்டிக் கொடுக்கும் துண்டில் அந்த ஓரம் வராமலே போகலாம். அதனால் பில்லைக் கேட்டு வாங்குங்கள், பேட்ச் நம்பர் அதிலும் இருக்கும். லேபிளைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 மருந்துகளில் கியூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் நிறுவனம், பேட்ச், உரிம எண் தெரியும். அந்தப் பேட்ச் பிறகு சோதனையில் தேறியதா என்பது அதில் தெரியாது, அதற்குப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

நஞ்சை லேபிளில் தேடுவது

டைஎத்திலீன் கிளைக்கால் எந்த லேபிளிலும் இருக்காது. பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால் சிரப்பில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் மாதிரியான கரைப்பான்களைச் சேர்க்கிறார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை கூடுதல். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவுச் சரக்கை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் டைஎத்திலீன் கிளைக்கால் உள்ளே வந்துவிடும். பிரேக் ஆயிலிலும் குளிர்விப்புத் திரவத்திலும் பயன்படும் பொருள் அது. அந்தக் கரைப்பான்களைப் போலவே நிறமில்லை, கொழகொழப்பு உண்டு, லேசான இனிப்பு வேறு. முகர்ந்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை எதுவும் கிடையாது, யாராவது அப்படி வீடியோ அனுப்பினால் நம்ப வேண்டாம். கரைப்பானில் இந்த நஞ்சு 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, அதை ஆய்வகத்தில்தான் அளக்க முடியும்.

இது புதிய கதையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்துச் சிரப்பில் இது கலந்து 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அங்கே மருந்துச் சட்டமே அதனால் மாறியது. 1972-ல் சென்னை, 1986-ல் மும்பை, 1998-ல் குர்கான், 2020-ல் ஜம்முவின் ராம்நகர், 2022-ல் இந்தியச் சிரப் போய்ச் சேர்ந்த காம்பியா. ஒவ்வொரு முறையும் உயிர்கள் போன பிறகுதான் கரைப்பானைச் சோதித்திருக்கிறோம். கோபம் வர வேண்டிய இடம் இது.

ஆலையைச் சோதிப்பது அரசின் வேலை. நம் கையில் இருப்பது, தேவையில்லாத சிரப்பைக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. சாதாரண சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கும். மூச்சு இரைத்தாலோ பால் குடிக்காவிட்டாலோ டாக்டரிடம் போக வேண்டும், மெடிக்கலில் சிரப் கேட்டு நிற்பது அதற்கு மாற்று ஆகாது.

அச்சில் இருப்பதைப் படிக்காமல் விடுவது

மறைந்திருக்கும் நஞ்சைப் பற்றி இவ்வளவு பேசினாலும், வீடுகளில் அன்றாடம் நடக்கும் ஆபத்து லேபிளில் தெளிவாக எழுதியிருப்பதிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது. 500 மில்லிகிராம் உள்ள ஒன்றை நாளுக்கு நான்கு முறை போட்டால் 2000. காய்ச்சலுக்கென்று 650 மாத்திரையைத் தனியாக நான்கு முறை போட்டால் 2600. மொத்தம் 4600. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பே 4000 மில்லிகிராம்தான், குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதுவும் அதிகம். பெயர் வேறு வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே மருந்து என்பது தெரியாமலே போகிறது. முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் படித்தால் இது தெரிந்துவிடும்.

அந்தச் சேர்மானத்தில் குளோர்ஃபெனிரமின் (ஒவ்வாமை மருந்து), ஃபினைல்எஃப்ரின் (மூக்கடைப்பு மருந்து) இரண்டும் சேர்ந்திருந்தால் நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. அந்த எச்சரிக்கையை லேபிளில் அச்சடிக்கச் சொல்லி 2023 டிசம்பரில்தான் உத்தரவு வந்தது, ஆகவே பழைய பாட்டிலில் அந்த வரி இல்லை என்பதற்காகக் கொடுத்துவிட வேண்டாம். ஃபினைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இத்தனைக்கும், வாய்வழியாக எடுக்கும்போது அது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க அரசின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொன்னது.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பாட்டில்கள். இருமலை அடக்கும் ஃபோல்கோடின் என்ற பொருள் உள்ள மருந்துகளை 2023 மார்ச்சில் பிரிட்டன் திரும்பப் பெற்றது. அதைக் குடித்தவருக்குப் பின்னாளில் ஆபரேஷனில் மயக்க மருந்தோடு தரும் தசை தளர்த்தும் ஊசியால் கடும் ஒவ்வாமை வரலாம் என்பது காரணம். லண்டன் பையில் வந்தது அலமாரியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கடந்த ஓராண்டுக்குள் குடித்திருந்தால், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு

எச்சரிக்கையில் வந்த பேட்ச் வீட்டில் இருந்தால், உடனே சிங்க்கில் கொட்டிவிடத் தோன்றும். கொட்ட வேண்டாம். மூடியை இறுக்கி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் தனியாக வைத்து, வாங்கிய கடையிலோ மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்திலோ ஒப்படையுங்கள். வேறு யாரும் அதை எடுத்துக் கொடுத்துவிடாமல் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

குழந்தை ஏற்கெனவே குடித்திருந்தால் சிறுநீரைக் கவனியுங்கள். சிறுநீர் குறைவது, வாந்தி, வயிற்றுவலி, வழக்கத்துக்கு மாறான மந்தம், இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலையும் பில்லையும் கூடவே எடுத்துச் சென்று, எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். மருந்தால் வந்த பாதிப்பைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, நோயாளியின் வீட்டாரே பேசலாம்.